சாயம் பிடிக்காத கயிறும் கொஞ்சம் களிமண்ணும்

குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ மீன்பிடி சாமான் விற்கிற கடைக்குப் போனால் வாசலிலேயே பிபி என்கிற பிளாஸ்டிக் கயிறு சுருள் சுருளாகக் கிடக்கும். நீலம், பச்சை, ஆரஞ்சு, மஞ்சள் என்று நாலைந்து நிறம், அவ்வளவுதான். ஒரு துண்டை அறுத்து, பிரியைப் பிரித்து, அதற்குள் இருக்கிற இழையையும் பிரித்துக் கடைசி வரைக்கும் போய்ப் பாருங்கள், உள்ளே எல்லாம் அதே நீலம்தான். தொட்டியில் முக்கி எடுத்த நிறம் இல்லை அது. பிளாஸ்டிக்கை உருக்கும்போதே நிறமியைக் கலந்துவிடுகிறார்கள். நிறமியை அடர்த்தியாகச் சேர்த்துச் செய்த குருணைக்கு மாஸ்டர்பேட்ச் என்று பெயர், அதில் கொஞ்சத்தை எடுத்து வெள்ளைக் குருணையோடு போட்டால் நீலக் கயிறு வந்துவிடும். இப்படி நிறம் சேர்ப்பது ஏதோ ஆசைக்குத் தேர்ந்தெடுத்த வழி இல்லை, வேறு வழி இல்லாததால் வந்தது. வெள்ளை பிபி கயிற்றை வாங்கிவந்து சாயத் தண்ணீரில் நாள் முழுக்கக் கொதிக்க வைத்தாலும், எடுத்து அலசினால் நிறம் தண்ணீரோடு போய்விடும்.

பிபி என்றால் பாலிப்ரொப்பிலீன். கயிறு, உரச்சாக்கு, தரைவிரிப்பு, முகக்கவசத் துணி எல்லாம் இதுதான். தண்ணீரில் மிதக்கும், உப்புத் தண்ணீரில் மட்காது, விலையும் குறைவு. ஆனால் துணித் தொழிலில் அதற்கு நல்ல இடம் கிடைக்காமல் போனதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தச் சாயப் பிரச்சினை. அதைச் சரிசெய்ய ஆராய்ச்சிக்காரர்கள் கையில் எடுத்த பொருள்களில் ஒன்று, நம்ப முடியாத அளவுக்குச் சாதாரணமானது: களிமண்.

களிமண்ணுக்குப் போவதற்கு முன், சாயம் ஏன் ஒன்றில் ஏறுகிறது, ஒன்றில் ஏறவில்லை என்பதைப் பார்த்துவிடலாம். அதற்குக் குமரிக் கடற்கரையைவிட நல்ல இடம் கிடையாது, ஒரே மணலில் மூன்று விதமான நார் கிடக்கிறது. தேங்காய்த் தும்பில் செல்லுலோசும் லிக்னினும் இருக்கின்றன. தண்ணீரை உறிஞ்சும், சாயம் தொற்றிக்கொள்ள நிறைய பிடிகள் உண்டு. அதனால்தான் கயிற்று விரிப்பும் மிதியடியும் இத்தனை நிறத்தில் வருகின்றன. அடுத்தது நைலான் வலை. நைலான் சங்கிலியின் முனைகளில் அமீன் என்ற தொகுதி இருக்கிறது. லேசாக அமிலம் கலந்த வெந்நீரில் அது நேர்மின்னூட்டம் பெறும், எதிர்மின்னூட்டம் உள்ள அமிலச் சாயம் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வலையாகப் பின்னிய பிறகும் நைலானுக்குச் சாயம் போட முடிகிறது. மூன்றாவது நம்ம பிபி. கார்பன், ஹைட்ரஜன் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. மின்னூட்டம் இல்லை, தண்ணீரோடு பேச்சே இல்லை. காற்றில் உள்ள ஈரத்திலிருந்து பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், நைலான் 4 சதவீதம், பாலியெஸ்டர் அரைச் சதவீதத்துக்கும் கீழே, பிபி கிட்டத்தட்ட பூஜ்யம்.

இந்த இடத்தில் சமையலறை தெரிந்த யாரும் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தேங்காய் அரைத்து மஞ்சள் தூக்கலாகப் போட்ட மீன்குழம்பை ஒரு ராத்திரி பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துப் பாருங்கள், காலையில் டப்பா மஞ்சளாகி இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்த டப்பாக்களில் பெரும்பாலானவை பிபிதான். சாயமே ஏறாது என்றால் மஞ்சள் எப்படி ஏறியது?

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காயெண்ணெயோடு சேர்ந்து பிபிக்குள் மெல்ல நுழைந்துவிடுகிறது. நுழைவதற்கு வழியும் இருக்கிறது. பிபியின் சங்கிலிகள், படிகமாக அடுக்கப்படாத பகுதிகளில், சாதாரண வெப்பத்திலேயே அசைந்துகொண்டுதான் இருக்கும். பாலியெஸ்டரில் அந்த அசைவு தொடங்கவே 70, 80 டிகிரி ஆகும், அதனால்தான் பாலியெஸ்டர் துணிக்கு அழுத்தக் கலனில் 130 டிகிரிவரை ஏற்றிச் சாயம் போடுகிறார்கள். ஆக பிபிக்குள் எண்ணெய்க்குணம் உள்ள சாயம் போகத்தான் செய்கிறது, ஆனால் போன சாயத்தைப் பிடித்து நிறுத்த உள்ளே எதுவும் இல்லை. எண்ணெயைத் தடவினால் திரும்ப வெளியே வரும். உள்ளே போவது ஒரு பிரச்சினை, உள்ளேயே தங்குவது வேறொரு பிரச்சினை. களிமண்ணின் வேலை பெரும்பாலும் இரண்டாவதில்தான், அதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்வது எல்லாம் எளிதாகப் புரியும்.

இத்தாலியின் ஜூலியோ நாட்டா ஒழுங்கான அமைப்புள்ள பாலிப்ரொப்பிலீனை உருவாக்கியது 1954இல், 1963இல் கார்ல் சீக்லரோடு சேர்ந்து வேதியியல் நோபல் பரிசும் வாங்கினார். அந்தக் காலத்திலிருந்தே இதற்குச் சாயம் ஏற்றும் முயற்சியும் நடந்துகொண்டிருக்கிறது. நிக்கல் சேர்மங்களை இழைக்குள் வைத்து, அந்த நிக்கலைப் பிடித்துக்கொள்ளும் தனிச் சாயங்களைச் செய்து பார்த்தார்கள். சாயம் பிடிக்கும் வேறு பாலிமரைக் கொஞ்சம் கலந்து பார்த்தார்கள். மேற்பரப்பைப் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவால் சுட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு இடைஞ்சல் இருந்தது: விலை, உலோகக் கழிவு, இழையின் பலம் குறைவது, நிறங்களின் எண்ணிக்கை குறைவது.

களிமண் வந்த வழி வேறு. 1980களில் ஜப்பானில் டொயோட்டாவின் ஆய்வுக்கூடம் நைலானுக்குள் களிமண்ணை நுண்ணிய தகடுகளாகப் பிரித்துக் கலந்து காட்டியது. அவர்கள் நோக்கம் சாயம் இல்லை, கார் பாகத்துக்குப் பலமும் வெப்பம் தாங்கும் தன்மையும். சில சதவீதக் களிமண் அத்தனை மாற்றத்தைத் தந்ததும், அதற்குப் பிறகு எல்லாப் பிளாஸ்டிக்கிலும் களிமண் போட்டுப் பார்க்கும் அலை ஒன்று கிளம்பியது. அந்த அலையில்தான் 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மவுத் வளாகத்துத் துணியியல் ஆய்வாளர்கள், மாற்றப்பட்ட களிமண் சேர்த்த பிபியில் அமிலச் சாயத்தையும், தண்ணீரில் கரையாமல் நுண்துகளாகக் கலந்து நிற்கும் டிஸ்பர்ஸ் சாயத்தையும் ஏற்ற முடிகிறது என்று காட்டினார்கள்.

எந்தக் களிமண்? மான்ட்மோரில்லோனைட். பெயர் பிரான்சில் உள்ள மான்ட்மோரில்லோன் என்ற ஊரிலிருந்து வந்தது, பென்டோனைட் என்று விற்கும் மண்ணில் பெரும்பகுதி இதுதான். குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானிலும் தோண்டுகிறார்கள். வெற்றிலைக் கட்டைப் போல அடுக்கடுக்கான தகடுகள், ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் தடிமன். துணிக்கான ஒரு பிபி இழையின் குறுக்களவு சுமார் 20 மைக்ரான் என்று வைத்தால், அதில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. தகட்டுக்குள் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் தகடு முழுக்க எதிர்மின்னூட்டம் தேங்கி நிற்கும். அதைச் சமன்செய்ய இரண்டு தகடுகளுக்கு நடுவே சோடியம், கால்சியம் அயனிகள் வந்து உட்கார்ந்திருக்கும். அவை நிரந்தரக் குடியிருப்பு இல்லை, வேறு நேர்மின் அயனி வந்தால் எழுந்து இடம் கொடுத்துவிடும்.

இந்த இடம் கொடுக்கும் குணத்தை வைத்துத்தான் வார்ப்பட ஆலைகளில் மணலில் எவ்வளவு செயல்படும் களிமண் இருக்கிறது என்று சோதிப்பார்கள். மணலைத் தண்ணீரில் கலக்கி, நேர்மின்னூட்டம் உள்ள மெத்திலீன் நீலச் சாயக் கரைசலைச் சிறுகச் சிறுக ஊற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டை வடிதாளில் வைப்பார்கள். நடுவில் அடர்நீலப் புள்ளி, சுற்றிலும் நிறமில்லாத ஈரம் மட்டும் பரவும். சாயம் முழுக்கக் களிமண்ணே வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். ஊற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் புள்ளியைச் சுற்றி வெளிறிய நீல வளையம் ஒன்று தோன்றும், அதோடு களிமண்ணின் கை நிரம்பிவிட்டது. எவ்வளவு சாயம் செலவானது என்பதிலிருந்து களிமண் அளவைக் கணக்குப் போடுவார்கள். சாயத்தைப் பிடிப்பது களிமண்ணின் பிறவிக் குணம், அதை ஒரு இழைக்குள் நுழைப்பதுதான் நமக்குத் தலைவலி.

சரி, மண்தானே, நம்மூர் மண் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். ஆகாது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் களிமண் பகுதி பெரும்பாலும் கயோலினைட், கூடவே இரும்பு ஆக்சைடு. கயோலினைட்டும் தகடுதான், ஆனால் தகட்டில் மின்னூட்டம் மிகக் குறைவு, தண்ணீரில் ஊதி விரியாது, அயனி மாற்றும் திறன் மான்ட்மோரில்லோனைட்டில் பத்தில் ஒரு பங்குகூடப் பல நேரம் இருக்காது. பானைக்கும் ஓட்டுக்கும் அருமையான மண், இந்த வேலைக்கு ஆகாது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கொஞ்சம் கிட்டே வரும், கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதற்குக் காரணமே இந்த விரியும் களிமண் வகைதான். ஆனாலும் வயல் மண்ணை அப்படியே இழைக்குள் போட முடியாது, மணலும் சுண்ணாம்பும் போகச் சுத்தமாகப் பிரித்த களிமண்தான் வேண்டும்.

கனிமப்பொடியை இழைக்குள் போடுவது என்றதும் புதுமையாகத் தோன்றலாம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது புதுமையாக இருக்கக் கூடாது. மணவாளக்குறிச்சியில் கடல்மணலிலிருந்து பிரிக்கிற இல்மனைட் என்ற கருமணல்தான் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடிக்கு மூலப்பொருள். பாலியெஸ்டர், நைலான் நூலின் கண்ணாடிப் பளபளப்பைக் குறைக்க அந்தப் பொடியைத்தான் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவருகிறார்கள். பளபளப்பைப் பாதி குறைத்த செமிடல் நூலில் 0.3 சதவீதம் வாக்கில், முழுக்கக் குறைத்த ஃபுல்டல் நூலில் 2 சதவீதம் வாக்கில். நீங்கள் போட்டிருக்கும் பாலியெஸ்டர் சட்டையில் கொஞ்சம் கனிமம் ஏற்கெனவே இருக்கிறது. களிமண்ணோடு சாயத்தைக் கட்டிப்போடுவதும் பழசுதான். மெக்சிகோவின் மாயா மக்கள் அவுரி நீலத்தைப் பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கிச் செய்த நீலம், நூற்றாண்டுகள் கடந்தும் சுவரோவியங்களில் மங்காமல் நிற்கிறது. வெறும் அவுரியைக் கரைக்கிற அமிலம்கூட அதை அசைப்பதில்லை.

இழைக்குள் நுழைப்பதில் என்ன சிரமம் என்றால், களிமண்ணுக்குத் தண்ணீர் பிடிக்கும், பிபிக்குப் பிடிக்காது. அப்படியே கலந்தால் களிமண் கட்டி கட்டியாக நிற்கும். அதனால் முதலில் களிமண்ணின் சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான்கிணைய அம்மோனியம் உப்பை ஏற்றுகிறார்கள். ஒரு முனையில் நேர்மின்னூட்டம் உள்ள நைட்ரஜன், மறுமுனையில் பதினாறு, பதினெட்டுக் கார்பன் நீளமுள்ள கொழுப்புச் சங்கிலி. துணி அலசும் கடைசித் தண்ணீரில் ஊற்றுகிற கண்டிஷனரில் இருப்பதும் இதே குடும்பம்தான். நைட்ரஜன் முனை தகட்டைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு வால் பிபியோடு ஒத்துப்போகும், தகடுகளுக்கு நடுவே இடைவெளி இரண்டு, மூன்று மடங்காக விரியும். இதோடு, களிமண்ணும் பிபியும் ஒட்ட உதவுகிற மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பிபியைக் கொஞ்சம் சேர்த்து, இரட்டைத் திருகு இயந்திரத்தில் உருக்கிப் பிசைந்தால் தகடுகள் பிரிந்து பரவும். இழையில் களிமண்ணின் பங்கு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து, ஆறு வரை. அதற்கு மேல் போனால் நிறம் கூடுகிறதோ இல்லையோ, இழை அறுந்துகொண்டே இருக்கும்.

இப்படி வந்த இழையைச் சாயத்தொட்டியில் போட்டால் என்ன நடக்கிறது? அமிலச் சாயத்துக்கு அம்மோனியத்தின் நேர்மின்னூட்டம் பிடியாக அமைகிறது, நைலானில் அமீன் முனை செய்த வேலையை இங்கே வெளியிலிருந்து கொண்டுவந்த அம்மோனியம் செய்கிறது. டிஸ்பர்ஸ் சாயத்துக்கு மின்னூட்டம் தேவையில்லை, தகட்டின் பரப்பிலும் கொழுப்பு வால்களுக்கு நடுவிலும் பலவீனமான கவர்ச்சியால் தங்கிக்கொள்கிறது. குழம்பு டப்பாவில் மஞ்சளுக்குக் கிடைக்காத தங்குமிடம் இதுதான். ஒரு கிராம் களிமண் முழுதாகப் பிரிந்தால் அதன் பரப்பு எழுநூறு சதுரமீட்டருக்கும் மேல் வரும், அதனால் குறைந்த அளவிலேயே இத்தனை இடம் கிடைக்கிறது. என் கணிப்பில் இரண்டில் டிஸ்பர்ஸ் சாயம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். அமிலச் சாயம் தண்ணீரில் கரைந்த நிலையில் வருகிறது, களிமண் போட்டாலும் சுற்றியிருக்கிற பிபி தண்ணீரை உள்ளே விடுவதில்லை, அதனால் ஓரத்தில் அடர்த்தியாகவும் நடுவில் வெளிறியும் நின்றுபோக வாய்ப்பு அதிகம்.

பாலியெஸ்டரிலும் நைலானிலும் இதே களிமண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அங்கே தேவை அவ்வளவு இல்லை. பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம் ஏற்கெனவே நன்றாகப் பிடிக்கிறது. எதிர்மின் சல்ஃபோனேட் தொகுதியைச் சங்கிலியிலேயே பின்னி, பளிச்சென்ற கேட்டயானிக் சாயம் (நேர்மின்னூட்டம் உள்ளது) ஏறும்படி செய்த பாலியெஸ்டரும் 1950களின் கடைசியிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. நைலானில் சில நேரம் தலைகீழாகவும் போகும். அமிலச் சாயம் பிடிக்க வேண்டிய அமீன் முனைகளைக் களிமண்ணே வளைத்துப்போட்டுக்கொண்டால், சாயத்துக்கு மிச்சம் குறைந்துவிடும். களிமண் போட்டால் எல்லாவற்றிலும் நிறம் கூடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை இதனால்தான் நம்பக் கூடாது. எந்த இழை, எந்தச் சாயம், களிமண்ணில் என்ன ஏற்றியிருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இனி தொல்லைகள். முதல் தொல்லை வெப்பம். அம்மோனியம் உப்பு 200 டிகிரி வாக்கிலேயே சிதையத் தொடங்கும், பிபி இழை இழுப்பது 220, 250 டிகிரியில். இயந்திரத்துக்குள் கொஞ்ச நேரமே இருந்தாலும் ஒரு பகுதி சிதைந்து இழை மஞ்சளடிக்கும், வெள்ளைக் குருணையில் தொடங்கிப் பழுப்பில் முடிந்தால் வெளிர்நிறம் எதையும் போட முடியாது. 280 டிகிரி கேட்கும் பாலியெஸ்டரில் நிலைமை இன்னும் மோசம், அதனால் அங்கே பாஸ்போனியம், இமிடசோலியம் உப்புகளைப் போட்டுப் பார்க்கிறார்கள், அவை வெப்பம் தாங்கும், விலையும் ஏறும். இரண்டாவது, ஸ்பின்னரெட், அதாவது உருகிய பிளாஸ்டிக்கை இழையாகப் பிழிகிற துளைத்தட்டு. சரியாகப் பிரியாத ஒரு களிமண் கட்டி போதும், வடிகட்டியில் அழுத்தம் ஏறும், துளை அடைக்கும், ஓடிக்கொண்டிருக்கும் இழை அறும். ஆய்வுக்கூடத்தில் அரைக்கிலோ நூல் எடுத்துப் படம் போடுவது ஒன்று, மூன்று ஷிப்டும் இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டுவது வேறு. இந்த யோசனை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் கடைத்தெருவில் அதைப் பார்க்க முடியாததற்கு வேதியியலைவிட இந்த ஆலைக்கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது தொல்லைதான் நம்ம பக்கத்துக்கு முக்கியம்: வெயில். பிபி ஏற்கெனவே வெயிலுக்கு ஆகாத பொருள், புற ஊதா காப்பான் போடாத கயிறு ஒரு சில மாதத்தில் பொடியாக உதிரும். மான்ட்மோரில்லோனைட் சேர்த்த பிபி சாதாரண பிபியைவிடச் சீக்கிரம் ஒளியில் சிதைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. களிமண்ணுக்குள் இருக்கும் இரும்பு அயனிகளும், அம்மோனியம் சிதைந்து மிஞ்சுகிற பொருள்களும் அதற்குத் துணைபோகின்றன. போதாக்குறைக்கு, உள்ளே ஏற்றிய சாயமும் நிறமி அளவுக்கு வெயில் தாங்காது. முட்டத்தில் கரையில் இழுத்துப் போட்ட வள்ளத்தின் மேல் வருடம் முழுக்கக் கிடக்கிற கயிற்றுக்கு, உருக்கும்போதே கலந்த நிறமிதான் சரி. அதை மாற்ற நினைப்பது வீண் வேலை.

அப்படியானால் இந்தக் களிமண் வித்தை யாருக்கு? துணிக்காரர்களுக்கு. மாஸ்டர்பேட்சில் நிறத்தை நூல் இழுக்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும், அதுவும் டன் கணக்கில். விளையாட்டு உடைக்கோ தரைவிரிப்புக்கோ இந்த மாதம் ஒரு நீலம், அடுத்த மாதம் வேறொரு நீலம் என்று ஆர்டர் வருகிறவனுக்கு அது ஒத்துவராது. வெள்ளையாக நெய்துவைத்துக்கொண்டு ஆர்டர் வந்த பிறகு நிறம் போடுவதுதான் வசதி. நாகர்கோவில் வடசேரியில் தறிக்காரர்கள் சாயப்பட்டறைக்கு நூல் கொடுத்து வாங்குவதில் இருந்த சுதந்திரமும் இதுதான், சின்ன அளவில், கேட்ட நிறத்தில். பருத்தியும் பிபியும் கலந்த துணியில் பருத்தி மட்டும் நிறமேறி பிபி வெள்ளைவெள்ளையாகத் தெரிகிற சிக்கலும் இதனால் குறையும்.

ஆனால் இதில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது, ஆய்வுக் கட்டுரைகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை. உருக்கும்போதே நிறம் சேர்ப்பதில் சாயக்கழிவு நீர் கிடையாது. சாயம் ஏறும் பிபி என்றால் மறுபடியும் தொட்டி, வெந்நீர், அலசல், கழிவுநீர். திருப்பூரில் சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு என்ன ஆனது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லும் அளவுக்குப் போனது எப்படி என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. அங்கே கழிவை முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்குக் கோடிக்கணக்கில் செலவானது. வீட்டுக்கு வீடு கிணறும், ஊருக்கு ஊர் குளமும், நடுவே பழையாறும் ஓடுகிற குமரியில், சாயம் ஏறாத ஒரு இழைக்குச் சாயம் ஏற்றுகிறோம் என்று கிளம்பினால் அந்தச் செலவையும் முதல் நாளே கணக்கில் வைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சாயக்கழிவிலிருந்து நிறத்தைப் பிடித்தெடுக்கவும் இதே களிமண்ணைத்தான் சோதிக்கிறார்கள். பிடிக்கிறது, சந்தேகமில்லை. பிடித்த பிறகு அந்த நிறமேறிய சேற்றை எங்கே கொட்டுவது என்பது தனிப் பிரச்சினை.

நூல், வலை, கயிறு தொழிலில் இருப்பவர்களிடம் யாராவது நானோ களிமண் கலந்த, சாயம் பிடிக்கும் பிபி குருணை என்று கொண்டுவந்து நீட்டினால், நிறம் எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பதோடு நிற்க வேண்டாம். சாயம் போடுவதற்கு முன் வெறும் இழை எவ்வளவு மஞ்சளடிக்கிறது என்று வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். அடர்நிறத்தில் சாயம் போட்ட துணியைச் சோப்புத் தண்ணீரில் பலமுறை துவைத்து, கூடவே ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டைக் கட்டிப் போட்டு, அதில் நிறம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்துப் பார்க்கலாம், தங்குகிற நிறமா வழுக்கிக்கொண்டு வருகிற நிறமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இயந்திரம் தொடர்ந்து ஓடும்போது வடிகட்டியை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். வெளியில் கிடக்கப் போகிற சரக்கு என்றால், களிமண் போட்டதையும் போடாததையும் பக்கத்தில் பக்கத்தில் மொட்டைமாடியில் ஒரு கோடை முழுக்கக் கட்டிவிட்டு, இரண்டும் எத்தனை கிலோ இழுவையில் அறுகிறது என்று பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.